காதுக்கும் ஒரு தேர்வு வேண்டும்

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. இயற்பியல்)

ஆங்கிலம் தெரியுமா என்று எவரேனும் கேட்டால், நம்மில் பலர் மதிப்பெண் பட்டியலை எடுத்து நீட்டுவோம். பட்டியல் பொய் சொல்லவில்லை. ஆனால் அது எதை அளந்தது என்று நாம் என்றைக்காவது சிந்தித்ததுண்டா? பன்னிரண்டாம் வகுப்பு ஆங்கிலத் தேர்வு மூன்று மணி நேரம், 90 மதிப்பெண். வினாவும் தாளில், விடையும் தாளில். கண்ணுக்கும் கைக்கும் வேலை உண்டு. நினைவாற்றலுக்கோ ஓய்வே கிடையாது. காதுக்கு மட்டும் அன்று விடுமுறை! எஞ்சிய 10 மதிப்பெண் அகமதிப்பீடு. அதில் வருகைப் பதிவுக்கும் ஒரு பங்கு உண்டு. வகுப்புக்கு வந்து உட்கார்ந்ததற்கு மதிப்பெண் தருகிறார்கள். உட்கார்ந்து கேட்டது விளங்கியதா என்பதற்குத் தருவதில்லை.

இதன் பலன் கல்லூரியின் முதல் வாரத்திலேயே தெரிந்துவிடுகிறது. விசையும் முடுக்கமும் தமிழ் வழியில் படித்த நமக்குப் புதியவை அல்ல. பேராசிரியர் கரும்பலகையில் சமன்பாட்டை எழுதும்வரை தைரியமாகவே இருப்போம். அதையே அவர் ஆங்கிலத்தில் விளக்கத் தொடங்கியதும் தலை கிறுகிறுக்கிறது. காரணம் எளியது. அச்சில் சொல்லுக்குச் சொல் இடைவெளி உண்டு. பேச்சில் அந்த இடைவெளி இல்லை. சொற்கள் ஒன்றையொன்று பற்றிக்கொண்டு ஓடுகின்றன. பல ஆண்டுகளாகக் கண்ணால் கண்டு பழகிய சொல்லே காதில் விழும்போது அயலான் போல் நிற்கிறது.

வாசிப்பையாவது நன்றாகச் சோதிக்கிறார்களா என்றால், அதிலும் எனக்கு ஐயம் உண்டு. பார்த்தறியாத பத்தி ஒன்றிரண்டு வருகிறது. மற்றவையெல்லாம் ஆண்டு முழுவதும் நோட்ஸில் உருப்போட்ட பாடங்கள். அவற்றுக்கு விடை எழுதுபவன் வாசிக்கிறானா, ஒப்பிக்கிறானா?

நிற்க. நம்மைப் போலவே ஆங்கிலத்துக்கு வெகுதூரத்தில் உள்ள மொழியைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள் சீன மாணவர்கள். அங்கே கல்லூரியில் சேர எழுதும் காவ்காவ் தேர்வில் ஆங்கிலத்துக்கு 150 மதிப்பெண். அதில் 30 கேட்டலுக்கு என்பது பொது வினாத்தாளின் முறை. ஹாங்காங்கில் 2012 முதல் நடந்துவரும் பள்ளியிறுதித் தேர்வில், ஆங்கிலக் கேட்டல் தாளை வானொலியிலேயே ஒலிபரப்புகிறார்கள்! மாணவர்கள் சிறு வானொலிப் பெட்டியும் காதொலிக் கருவியுமாகத் தேர்வு மண்டபத்தில் அமர்ந்து விடை எழுதுகிறார்கள். வெளிநாட்டுப் படிப்புக்கு எழுதும் ஐ.இ.எல்.டி.எஸ். தேர்விலோ கேட்டல் பகுதிக்கு 40 வினாக்கள். ஒலிப்பதிவு ஒரே ஒருமுறைதான். தவறவிட்டால் போனதுதான்.

"பாவம், கிராமத்துப் பிள்ளைகள்! அவர்கள் தலையில் இன்னொரு தேர்வா?" என்று சிலர் இரக்கப்படுவார்கள். எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். அந்த உரிமையில் சொல்கிறேன்: இந்த இரக்கம் நமக்கு வேண்டாம். காதுக்கான தேர்வு இப்போதும் நடந்துகொண்டுதான் இருக்கிறது. விரிவுரை வகுப்பில் நடக்கிறது. வேலைக்கான நேர்முகத்தில் நடக்கிறது. நகரத்து மாணவனுக்கு வீட்டிலேயே அதற்குப் பயிற்சி கிடைத்துவிடுகிறது. நமக்குப் பாடமும் இல்லை, முன்னறிவிப்பும் இல்லை. பள்ளியில் சோதிக்காமல் விடுவதால் குறை நீங்குவதில்லை; திருத்த நேரமில்லாத இடத்தில் போய் அது வெளிப்படுகிறது. 2018க்குப் பின் வந்த புதிய ஆங்கிலப் பாடநூல்களில் கேட்டல் பயிற்சிகள் இருக்கத்தான் செய்கின்றன. தேர்வில் வராததைக் கற்பிக்க எந்த வகுப்பில் நேரம் இருக்கிறது?

நமக்குக் காது மந்தம் என்று யாரும் எண்ண வேண்டாம். என் தந்தை இவ்வூர் விசைத்தறிக் கூடத்தில் வேலை பார்ப்பவர். இருபது தறிகள் ஒருசேர இரையும் இடத்தில், சத்தம் இம்மி மாறினாலும் எந்தத் தறி இடறுகிறது என்று நின்ற இடத்திலிருந்தே சொல்லிவிடுவார். எந்தப் புத்தகமும் அவருக்கு அதைக் கற்றுத்தரவில்லை. தினமும் கேட்டார், வந்துவிட்டது.

ஆகவே பொதுத்தேர்வில் 20 மதிப்பெண்ணைக் கேட்டலுக்கு ஒதுக்கலாம் என்பது என் கருத்து. முதல் சில ஆண்டுகள் அதில் குறைந்தவரைத் தோல்வி என்று தள்ளாமல், பயிற்சிக்கு வழி செய்யலாம். ஒலிப்பதிவை இருமுறை ஒலிக்கவிடலாம். பேசுகிற குரல் லண்டன் குரலாக இருக்க வேண்டியதில்லை. ரயில் நிலைய அறிவிப்பு, மருத்துவர் சொல்லும் மருந்து முறை, ஆய்வகத்தில் தரும் குறிப்பு - நாம் கேட்கப்போகும் ஆங்கிலம் இவைதாமே! பல அரசுப் பள்ளிகளில் உயர்தொழில்நுட்ப ஆய்வகங்கள் வந்துவிட்டன. இல்லாத இடத்தில் ஓர் ஒலிபெருக்கி போதும். (நம் ஊரில் ஆடித்தபசு நாளில் மட்டும் வைக்காதிருந்தால் சரி!)

அரசு செய்யும்வரை நாம் காத்திருக்க வேண்டியதில்லை. நம் கல்லூரியில் ஆங்கிலம் நான்கு பருவங்கள் வருகிறது. ஆங்கிலத் துறையினருக்கு ஒரு வேண்டுகோள்: வாரத்தில் பத்து நிமிடம், அச்சிட்ட தாள் எதுவும் தராமல் ஒரு பேச்சை ஒலிக்கவிட்டு, ஐந்தே ஐந்து வினாக்கள் கேளுங்கள். முதல் வாரம் நாங்கள் இரண்டுக்குச் சரியாக விடை சொன்னால் அதுவே அதிகம். பருவ முடிவில் எத்தனை சொல்கிறோம் என்று எண்ணிப் பாருங்கள்.