அடி சறுக்கிய பெரியோர்

யானைக்கும் அடி சறுக்கும் என்பது நம் முன்னோர் மொழி. இம்மொழியைப் பொதுவாகக் கேட்கும்போது தலையசைத்து ஒப்புக்கொள்கிறோம். நாம் போற்றும் பெரியார் ஒருவர் சறுக்கினார் என்று கேட்டால் மட்டும் முகம் சுளிக்கிறோம்.

திருகோணமலைத் துறைமுகத்தை அடுத்த கோயில் ஒன்றில் மறைக்கல்வி பயிலும் மாணவி ஒருத்தி நம்மிடம் கேட்ட கேள்வியே இவ்வாரம் நமக்குப் பொருளாயிற்று. "தாவீது அரசன் பிறன் மனைவியைக் கவர்ந்தான். பேதுரு பொய் சொன்னார். யோனா கடவுள் இட்ட பணியை விட்டு ஓடினார். இவர்களை ஏன் பெரியோர் என்று எங்களுக்குக் கற்பிக்கிறார்கள்? குற்றமே செய்யாத ஒருவருடைய கதையைச் சொல்லக் கூடாதா?" என்றாள் அவள். உடனிருந்த முதியவர் ஒருவர், "அப்படியெல்லாம் கேட்கக் கூடாது, பிள்ளை" என்று அவள் வாயை அடைத்துவிட்டார். அவள் கேட்டது தவறன்று. கேட்க வேண்டியதையே கேட்டாள். அதற்கு விடை சொல்லாமல் விடுவதுதான் தவறு.

அரசர்களைப் பற்றி எழுதுவோர் எப்படி எழுதுவர் என்பதை நாம் அறிவோம். நம் மன்னர்களின் மெய்க்கீர்த்திகளைப் பாருங்கள். வென்ற நாடுகள் வரிசையாக வரும். கொண்ட செல்வம் வரும். செய்த தானம் வரும். அரசன் செய்த அநீதி ஒன்றேனும் கல்லில் ஏறுவதில்லை. ஆனால், இஸ்ரவேல் மக்களின் மறைநூலோ தங்கள் தலைசிறந்த மன்னனின் வெற்றிகளை எழுதிய அதே கையால் அவனுடைய பாவத்தையும் எழுதி வைத்திருக்கிறது. மறைத்திருக்கக் கூடிய ஒன்றை மறைக்காமல் வைத்தார்கள் என்றால், அதற்கு ஒரு நோக்கம் இருக்க வேண்டுமன்றோ?

அந்தக் கதையைச் சற்றே நினைவுகூர்வோம். படை போர்க்களத்தில் இருக்கிறது. அரசன் அரண்மனையில் இருக்கிறான். போருக்குச் சென்ற உரியா என்னும் வீரனின் மனைவியை அவன் தன்னிடம் வரவழைக்கிறான். பின்னர் குற்றம் வெளிப்படாதிருக்கும் பொருட்டு, அவ்வீரனைப் போர்முனையில் தனியே விட்டு மடியச் செய்யும்படி சேனாதிபதிக்கு ஓலை எழுதுகிறான். அவ்வோலையைச் சுமந்து செல்பவனும் அவ்வீரனே! இதைவிடக் கொடுமை வேறென்ன வேண்டும்?

நாத்தான் என்னும் தீர்க்கதரிசி அரசனிடம் வருகிறார். நேரே குற்றம் சாட்டவில்லை. ஒரு கதை சொல்கிறார். பல ஆடுகளை உடைய செல்வன் ஒருவன், தன் விருந்தாளிக்குச் சமைப்பதற்காக, ஏழை ஒருவன் மகளைப்போல் வளர்த்த ஒரே ஆட்டுக்குட்டியைப் பறித்துக்கொண்டான் என்பது அக்கதை. கேட்ட தாவீது கொதித்தெழுகிறான். அப்படிச் செய்தவன் சாவுக்குரியவன் என்கிறான். அந்தச் செல்வன் வேறு யாருமல்லன், அரசனாகிய நீயே என்று நாத்தான் அப்போது சுட்டுகிறார்.

தன் முதுகு தனக்குத் தெரியாது என்பார்கள். பிறர் முதுகு மட்டும் நன்றாகத் தெரியும். அயலான் குற்றத்தைக் காணும் கூர்மையோடு தன் குற்றத்தையும் ஒருவன் காண்பானாயின் உலகில் துன்பமே இராது என்னும் பொருள்படத் திருவள்ளுவரும் புறங்கூறாமை அதிகாரத்தை முடித்திருக்கிறார். நாத்தான் செய்தது இதுவே. அரசன் கண்ணை அவர் முதலில் அயலான்மேல் திறக்கவைத்தார். திறந்த கண்ணை மெல்ல அவன்பக்கமே திருப்பிவிட்டார்.

தாவீதின் பெருமை இதற்குப் பின்னரே தொடங்குகிறது. வாளும் படையும் அவன் கையில் இருந்தன. நாத்தானைச் சிறையிட்டிருக்கலாம். அந்தப் பெண்மேல் பழி போட்டிருக்கலாம். அவன் அவ்வாறு செய்யவில்லை. குற்றம் தன்னுடையதே என்று ஒப்புக்கொண்டான். அவனுக்கு முன் அரசாண்ட சவுலோ, ஆணையை மீறிக் கொள்ளைப் பொருளை வைத்துக்கொண்டதற்குச் சாமுவேல் காரணம் கேட்டபோது, மக்கள்தாம் வைத்துக்கொண்டனர் என்று பழியை அவர்கள்மேல் ஏற்றினான். செயலை மட்டும் தராசில் இட்டால், தாவீதின் பாவமே கனமானது என்று நமக்குத் தோன்றலாம். ஆயினும் ஒருவன் திரும்பினான். மற்றவன் சாக்குச் சொன்னான். இருவரையும் பிரித்துக் காட்டுவது இந்த வேறுபாடே.

இவை எல்லாம் பழங்காலத்துக் கதைகள், நமக்கும் இவற்றுக்கும் என்ன தொடர்பு என்று சிலர் கேட்கக்கூடும். வெகு தூரம் போக வேண்டியதில்லை. நம் துறைமுகத்துக்கு அருகிலேயே, வேதப் புத்தகத்தோடு பின்னிக் கிடக்கும் ஒரு வரலாறு உண்டு.

திருகோணமலைத் துறைமுகத்தின் தெற்கே விரிந்து கிடக்கிறது கொட்டியாரக்குடா. அதன் கரையில் உள்ளது மூதூர். 1659ஆம் ஆண்டின் இறுதியில் மசூலிப்பட்டினத்தருகே புயலில் பாய்மரம் இழந்த 'ஆன்' என்னும் ஆங்கிலக் கப்பல், பழுது பார்ப்பதற்காக இக்குடாவை நாடி வந்தது. 1660 ஏப்ரலில் கண்டி மன்னன் இரண்டாம் இராசசிங்கனின் ஆட்கள் கப்பல் தலைவரையும் அவருடைய மகன் றொபேட் நொக்ஸையும் மாலுமிகள் சிலரையும் சிறைப்பிடித்தனர். தலைவர் பிடிபட்ட இடமென்று மூதூரில் ஒரு புளியமரத்தை நெடுங்காலம் காட்டி வந்தனர்.

மகனுக்கு அப்போது வயது பத்தொன்பது. கப்பலில் எஞ்சியிருந்தோருக்குச் செய்தி சொல்ல அவனையே அனுப்பினார்கள். கப்பலில் ஏறிய பின் அங்கேயே தங்கியிருக்கலாம்; பாய் விரித்துத் தப்பியிருக்கலாம். ஆனால் சிறைப்பட்ட தந்தையை விட்டுப்போக மனமின்றி, சொன்ன சொற்படி கரைக்குத் திரும்பிவந்தான். மாணவர்களே, இவ்விடத்தில் சற்று நின்று எண்ணுங்கள். உங்கள் வயதையொத்த ஓர் இளைஞன் தன் விடுதலையைத் தன் கையாலேயே விட்டுக்கொடுத்தான்.

1661ஆம் ஆண்டிலேயே தந்தை காய்ச்சலால் இறந்தார். மகன் தனியனானான். பிழைப்புக்காகத் தொப்பி பின்னி விற்றான். ஒருநாள் அவன் மீன் பிடித்துக்கொண்டிருந்தபோது ஒரு முதியவர் ஆங்கிலப் புத்தகம் ஒன்றைக் கொண்டுவந்தார். போர்த்துக்கேயர் கொழும்பை இழந்தபோது அவர் கைக்கு வந்த புத்தகம் அது. திறந்து பார்த்தான், வேதப் புத்தகம்! அதற்குத் தான் பின்னிய தொப்பி ஒன்றை விலையாகக் கொடுத்து வாங்கிக்கொண்டான். சிறையிருப்பில் அதுவே அவனுக்குத் துணையாயிற்று. பத்தொன்பது ஆண்டுகளுக்கு மேலாக இந்நாட்டில் இருந்த பின், 1679 அக்டோபரில் தோழன் ஒருவனுடன் காடு கடந்து மன்னார்ப் பகுதியிலுள்ள அரிப்பு ஒல்லாந்தர் கோட்டையை அடைந்தான். 1681ஆம் ஆண்டில் இலண்டனில் வெளிவந்த அவனுடைய நூலில் இச்செய்திகளை நாம் காணலாம். அக்கால இலங்கையை அறிய விரும்புவோர் இன்றும் நாடும் நூல் அது.

கதை இத்தோடு முடிந்திருந்தால் நாம் கைகூப்பி எழுந்து போகலாம். ஆனால் முடியவில்லை. ஊர் திரும்பிய நொக்ஸ் கிழக்கிந்தியக் கம்பெனியின் கப்பல் ஒன்றுக்குத் தலைவனானான். அடுத்த சில ஆண்டுகளில் மடகாஸ்கர் தீவுக்குச் சென்று, அங்கே மனிதரை விலைக்கு வாங்கி, சென் ஹெலேனாத் தீவுக்கு அடிமைகளாகக் கொண்டுபோகும் தொழிலில் ஈடுபட்டான். வீட்டிலிருந்து பிரிக்கப்படுவது எத்தகைய துன்பம் என்பதை அவனைக் காட்டிலும் அறிந்தவர் யார்? அந்நிய மண்ணில் தந்தையைப் புதைத்தவன் அவன். ஆண்டுக்கணக்கில் வேதம் படித்தவன் அவன். ஆயினும் அக்கப்பலில் ஏற்றப்பட்ட மகன்களையும் தந்தைகளையும் கண்டபோது, மூதூர்க் கரையில் நின்ற இருவர் அவன் நினைவுக்கு வந்து அவன் கையைத் தடுத்ததாகத் தெரியவில்லை.

நொக்ஸை இழித்துரைக்க இதனை எழுதினோம் அல்லோம். அவன் கொடியவனாக மட்டுமே இருந்திருந்தால் இக்கதையால் நமக்குப் பயன் இல்லை. நல்லவனாக இருந்தான் என்பதே நம்மை அச்சுறுத்த வேண்டும். தந்தைக்காகச் சிறைக்குத் திரும்பிய அதே மனிதன் பிறர் தந்தையரைச் சிறையாக்கினான். வேதப் புத்தகம் அவன் கையில் இருந்தது. தாவீதின் கதையும் அதனுள் இருந்தது. அக்காலத்தில் பலரும் செய்த வாணிபம் அது என்று சொல்லலாம். மக்கள்தாம் செய்தார்கள் என்று சவுலும் அவ்வாறே சொன்னான் அன்றோ! புத்தகத்தைப் படிப்பது வேறு. அதில் தன் முகத்தைப் பார்ப்பது வேறு.

இனி, நம் கடற்கரை மக்களுக்கு மிக நெருங்கிய ஒருவரைப் பார்ப்போம். பேதுரு என்றும் இராயப்பர் என்றும் நாம் அழைக்கும் அவர் வலை இழுத்துப் பிழைத்தவர். விடிவதற்குள், சேவல் கூவுமுன், தம் ஆண்டவரைத் தெரியாது என்று மும்முறை சொன்னார். பிறகு வெளியே போய்க் கதறி அழுதார். பின்னொரு விடியலில், ஏரிக்கரையில் கரிநெருப்பு மூட்டி மீன் சுட்டுவைத்துக்கொண்டு, அவர் மறுதலித்த ஆண்டவரே அவருக்காகக் காத்திருந்தார். உணவு தந்த பின்னரே வினவினார். தம்மிடம் அன்புண்டா என்று மும்முறை கேட்டு, மும்முறையும் பணியை அவரிடம் ஒப்படைத்தார்.

பேதுருவின் தவறு அத்தோடு ஒழிந்ததா? இல்லை. பின்னாளில் அந்தியோக்கியாவில், யூதரல்லாத அடியாரோடு ஒரே பந்தியில் உண்டு வந்தவர், எருசலேமிலிருந்து சிலர் வந்ததும் அஞ்சிப் பந்தியை விட்டு விலகிக்கொண்டார். பவுல் அதனை நேருக்கு நேர் கண்டித்தார். பந்தியில் யாரோடு உட்காருவது என்னும் இந்நோய் நம் தமிழ்ச் சமுதாயத்துக்குப் புதியதன்று. கோயிலில் ஒரே அப்பத்தை உண்டுவிட்டு, கலியாண வீட்டில் இலை போடும்போதும் சம்பந்தம் பேசும்போதும் குலம் விசாரிக்கும் குடும்பங்கள் இல்லை என்று எவரேனும் சொல்ல முடியுமா? பேதுரு அழுததை நாம் நோன்புக் காலந்தோறும் நினைக்கிறோம். அவர் பந்தியை விட்டு எழுந்ததை நினைப்பதில்லை. நம்மைச் சுடும் பக்கத்தை விரைவாகப் புரட்டிவிடுகிறோம்.

இக்கதைகளைத் தவறாகக் கையாளும் வழிகள் இரண்டு உண்டு. தாவீதே செய்தான், நான் செய்தால் என்ன என்று சாக்காகக் கொள்வது ஒன்று. பிறரை அடிக்கும் கல்லாகக் கொள்வது மற்றொன்று. ஒரு சபையின் காணிக்கைக் கணக்கில் ஒருவர் தவறிவிட்டார் என்க. அவர் அதனை ஒப்புக்கொண்டு, பணத்தையும் திருப்பிச் செலுத்துகிறார். கணக்கை மறுபடி அவர் கையில் கொடுக்காதிருப்பது விவேகம், அதில் தவறில்லை. ஆனால் அவர் மனைவி கோயிலுக்கு வரும்போது அருகில் அமர்ந்திருந்தோர் நகர்ந்துகொள்வதும், அவர் பிள்ளையைப் பாடகர் குழுவிலிருந்து காரணம் சொல்லாமல் நிறுத்துவதும் எந்த வேதத்தில் உள்ளன?

இவ்விடத்தில் யோனாவின் கதை நமக்கு உதவும். அவரும் துறைமுகத்துக்கு வந்து கப்பலேறியவர்தாம். ஆனால் கடவுளிடமிருந்து ஓடுவதற்காக ஏறினார். புயல் வந்தபோது வேற்றுத் தெய்வங்களை வணங்கிய மாலுமிகள் தத்தம் தெய்வத்தை வேண்டினர். தீர்க்கதரிசியோ கீழ்த்தட்டில் உறங்கினார். குற்றவாளி அவரே என்று தெரிந்த பின்னும் அவரைக் கடலில் எறிய மனமின்றிக் கரைசேரத் தண்டு வலித்தார்கள் அந்நல்லோர். பல சமயத்தாரும் ஒரே துறைமுகத்தில் வாழும் நமக்கு இது நினைவிருக்கத் தக்கது. இறுதியில் நினிவே நகரம் மனந்திரும்பி மன்னிப்புப் பெற்றபோது யோனா மகிழவில்லை, கோபங்கொண்டார்! 1,20,000க்கு மேற்பட்ட மாந்தர் வாழும் நகருக்கு இரங்க வேண்டாமா என்று கடவுள் கேட்கும் கேள்வியோடு அந்நூல் முடிகிறது. யோனா சொன்ன விடை அதில் இல்லை. தவறித் திரும்பிய ஒருவர் கோயில் வாசலில் வந்து நிற்கும்போதெல்லாம் அவ்விடையை நாம்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.

ஆகவே, அம்மாணவிக்கு நாம் சொல்வது இதுதான். குற்றமே செய்யாதவர்களின் கதையை மட்டும் உனக்குச் சொன்னால், நீ அவர்களை வணங்கிவிட்டு வீட்டுக்குப் போய்விடுவாய். தவறி, அழுது, எழுந்தவர்களின் கதையில்தான் உனக்கும் எமக்கும் இடம் இருக்கிறது. அவர்கள் சறுக்கியதால் பெரியோர் ஆகவில்லை; சறுக்கியதை மறைக்காமல் எழுந்ததால் பெரியோர் ஆனார்கள். சிலர் எழுந்த பின்னும் சறுக்கினார்கள் என்பதையும் மறவாதே.

பெற்றோருக்கும் ஒரு சொல். இன்றிரவு உணவுக்குப் பின் பிள்ளைகளுக்கு நாத்தானின் கதையைச் சொல்லுங்கள். சொல்லி முடித்ததும், "நீயும் இப்படித்தான்" என்று பிள்ளையை நோக்கி விரலை நீட்டாதீர்கள். சென்ற வாரம் நீங்கள் செய்த தவறு ஒன்றை, நீங்களே முதலில் சொல்லுங்கள். அதைக் காட்டிலும் சிறந்த வேதபாடம் வீட்டில் வேறில்லை.