வெள்ளம் வருமுன் வரவேண்டியது தமிழ்

வைகையணையின் முழு உயரம் 71 அடி. நீர்மட்டம் 66 அடியை எட்டுங்கால் முதல் வெள்ள முன்னறிவிப்பும், 68.5 அடியில் இரண்டாவதும், 69 அடியில் மூன்றாவதும் விடுக்கப்பெறுகின்றன. தேனி, திண்டுக்கல், மதுரை, சிவகங்கை, இராமநாதபுரம் ஆகிய ஐந்து மாவட்டக் கரையோர மக்களுக்கானது இவ்வேற்பாடு. முறை நன்றே! ஆயின், அவ்வறிவிப்பு எம்மொழியில், எவ்வடிவில் மக்கள் செவியைச் சென்றடைகின்றது?

"ரெட் அலர்ட்" என்று தொலைக்காட்சி அலறுகின்றது. "இத்தனை ஆயிரம் கியூசெக்ஸ் டிஸ்சார்ஜ்" என்று படிக்கப்படுகின்றது. ஆற்றங்கரையில் குடிலிட்டு வாழும் மூதாட்டிக்கு இதனால் விளங்குவது யாது? தரைப்பாலத்தைக் கடக்கலாமா? ஆடுமாடுகளை எங்கே கட்டுவது? எந்தப் பள்ளியில் தங்க இடம்? அவர் அறிய விழைவன இவையன்றோ! தமிழ்நாட்டரசு 2024-இல் வெளியிட்ட பேரிடர்ச் செயலிக்கும் 'டி.என். அலர்ட்' என்றே பெயர். உள்ளே தமிழ் இருப்பினும், வாயிலில் ஆங்கிலமே காவல் நிற்கின்றது.

வெறும் மொழிபெயர்ப்பும் போதாது. 2015 திசம்பர் முதல் நாளிரவு செம்பரம்பாக்கம் ஏரியினின்று நொடிக்கு 29,000 கன அடி நீர் திறக்கப்பட்டது. 'கன அடி' தமிழ்தான். ஆனால், எத்தெரு மூழ்கும், எந்நேரத்தில் மூழ்கும் என்று அவ்வெண் அடையாற்றங்கரை மக்களுக்குச் சொல்லவில்லையே!

சரியான சொல் உயிர் காக்கும் என்பதற்கு நல்லவாடு சான்று. 2004 திசம்பர் 26-இல் சுமத்திராவை அடுத்த கடலடி நிலநடுக்கத்திற்குப் பின், ஆழிப்பேரலை நம் கரையை மோத இரண்டு மணிநேரத்திற்கு மேலாயிற்று. அவ்வளவு நேரமும் அரசுகள் வாய்திறக்கவில்லை. நாகை மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரவர்க்கு மேல் மாண்டனர். புதுச்சேரியை அடுத்த நல்லவாட்டிலோ, சிங்கப்பூரிலிருந்த அவ்வூர் இளைஞர் ஒருவர் செய்தி கண்டு தொலைப்பேசியில் கூற, ஊரார் ஒலிபெருக்கியில் முழங்கினர். ஊரே மேட்டுக்கு ஓடிற்று. மூவாயிரவர்க்கு மேல் பிழைத்தனர். அங்குப் பேசியது ஊரறிந்த குரல், ஊரறிந்த தமிழ்.

நான்கு நாள் கழித்து, திசம்பர் 30-இல், நடுவணரசின் உள்துறை உறுதிப்படாத முன்னறிவிப்பொன்றை விடுத்தது. கடற்கரை முழுதும் மக்கள் அஞ்சியோடினர், துயர்துடைப்புப் பணிகள் தடைப்பட்டன, அலையோ வரவில்லை. பேசவேண்டிய நாளில் ஊமையாயிருந்தவர், ஆராய்ந்து பேசவேண்டிய நாளில் அலறினர். அரசின் சொல் நம்பிக்கை இழக்குமிடத்தில் புரளி அரியணை ஏறும்.

எனவே, வேண்டுவன மூன்று. மாவட்டந்தோறும் பேரிடர்க் காலத்தில் பொறுப்புடன் பேச ஒரே அலுவலர் அமர்த்தப்படல் வேண்டும். அவர் உறுதிப்பட்டதையும் உறுதிப்படாததையும் பிரித்துச் சொல்லல் வேண்டும். அறிவிப்பு முதற்கண் தமிழிலேயே எழுதப்பட்டுத் தெருப்பெயர், நேரம், தங்குமிடம் ஆகியவற்றைத் தாங்கி வருதல் வேண்டும்.

நாவலர் சோமசுந்தர பாரதியார் வாழ்ந்த ஊர் பசுமலை. 1937-38 இந்தி எதிர்ப்புப் போரில் அவர் முன்னின்றது பள்ளிப் பாடத்திற்காக மட்டுமன்று. ஆள்வோர் மக்கள் மொழியில் பேசவேண்டும் என்னும் அறமும் அதனுள் அடங்கும். அவ்வூரிலும் வைகைக்கரை ஊர்களிலும் வாழும் தமிழன்பர்களே! அடுத்த மழைக்கு முன் மாவட்ட ஆட்சியரிடம் செல்லுங்கள். எங்கள் தெருவுக்கான வெள்ள அறிவிப்பைத் தமிழில் காட்டுங்கள் என்று கேளுங்கள். இல்லையெனில், எழுதும்வரை விடாதீர்கள்!