"என் நட்சத்திரத்தைக் காட்டுங்க"



ஊர் மைதானங்களில் தொலைநோக்கி வைத்து வானம் காட்டும் பிள்ளைகளை உங்களுக்குத் தெரிந்திருந்தால் ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள். வரிசையில் நிற்கும் ஜனம் அவர்களிடம் அதிகம் கேட்பது எது? சனியின் வளையமும் இல்லை, வியாழனின் நிலாக்களும் இல்லை. "தம்பி, எனக்கு ரோகிணி. அது எங்க இருக்கு, கொஞ்சம் காட்டுங்க" என்பதுதான்.

போன டிசம்பரில் நம் இதழ் நண்பர்கள் ஓர் அரசுப் பள்ளி மைதானத்தில் கூட்டிய வானம் பார்க்கும் இரவிலும் அதுவே நடந்தது. கேட்டவர் ஓய்வு பெற்ற பஸ் கண்டக்டர். தொலைநோக்கி அருகே நின்ற தொண்டர் ஒருவர், கொஞ்சம் கறாரான ஆள், "நட்சத்திரத்துக்கும் உங்களுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லைங்க ஐயா, அதெல்லாம் மூடநம்பிக்கை" என்று சொல்லிவிட்டார். சொன்னது தப்பில்லை. ஆனால் பெரியவர் வரிசையை விட்டு விலகிப் போய்விட்டார். அறிவியலைப் பரப்பக் கூட்டிய இடத்தில், வானத்தைப் பார்க்க வந்த ஒருவர் பார்க்காமலே போவதில் யாருக்கு என்ன லாபம்?

நல்லவேளை, கல்லூரி மாணவி ஒருத்தி அவரைக் கைபிடித்து அழைத்து வந்தாள். பச்சை லேசர் கோட்டைக் கார்த்திகைக் கூட்டத்தில் தொடங்கி, சற்றுக் கீழே இறக்கி, செம்மஞ்சளாக மின்னிய ஒரு புள்ளியில் நிறுத்தினாள். "இதுதாங்க ஐயா ரோகிணி. நீங்க பிறந்த அன்னைக்கு நிலா இது பக்கத்துல நின்னுருக்கு. அதனாலதான் உங்களுக்கு அந்தப் பேரு." ரோகிணி ஏறக்குறைய 65 ஒளியாண்டு தள்ளி இருக்கிறது என்பதையும், இப்போது கண்ணில் படுவது அத்தனை வருஷம் முன்பு அங்கிருந்து கிளம்பிய வெளிச்சம் என்பதையும் சொன்னாள். பெரியவர் விரல் விட்டு எண்ணினார். "அப்ப நான் கைக்குழந்தையா இருந்தப்ப கிளம்பினது!" அதன்பிறகு அவரை அங்கிருந்து நகர்த்த முடியவில்லை. திருவாதிரை எது, புனர்பூசம் எது என்று வீட்டில் உள்ளவர்களின் நட்சத்திரங்களை எல்லாம் ஒவ்வொன்றாகக் கேட்டுத் தெரிந்துகொண்டார்.

(திருவாதிரைக்காரர்களுக்கு மட்டும் ஒரு செய்தி. 2019 கடைசியில் உங்கள் நட்சத்திரம் வெறுங்கண்ணுக்கே தெரியும்படி மங்கியது. அது கக்கிய தூசி மேகம் ஒன்று வெளிச்சத்தை மறைத்ததுதான் காரணம் என்று வானியலாளர்கள் பிறகு கண்டுபிடித்தார்கள். எனக்குத் தெரிந்த திருவாதிரைக்காரர் யாரும் அந்த மாதங்களில் மங்கவில்லை.)

அன்று ஜெமினிட் எரிகல் பொழியும் இரவு. ஆண்டுதோறும் டிசம்பர் 13, 14 தேதிகளை ஒட்டி வருவது. 1983இல் கண்டுபிடிக்கப்பட்ட ஃபேதான் என்ற சிறுகோள் தன் பாதையில் உதிர்த்துவிட்டுப் போன துகள்களின் ஊடே பூமி புகுந்து செல்லும் நாட்கள் அவை. மணல் அளவு, மிஞ்சினால் பட்டாணி அளவுத் துகள்கள். வேகம் மட்டும் நொடிக்குச் சுமார் 35 கிலோமீட்டர்; சென்னையிலிருந்து கன்னியாகுமரிக்கு இருபது நொடியில் போய்விடலாம். அந்த வேகத்தில் காற்று மண்டலத்தில் மோதி, தரைக்கு வருவதற்கு வெகு உயரத்திலேயே எரிந்து தீர்ந்துவிடுகின்றன. நம் ஊரில் இது வடகிழக்குப் பருவமழைக் காலம் என்பதால் பாதி வருஷங்களில் மேகத்தைத்தான் பார்த்துவிட்டு வருவோம். போன வருஷம் வானம் கருணை காட்டியது.

பாய் விரித்துப் படுத்திருந்த கூட்டத்தில் எனக்குப் பக்கத்தில் ஒரு பாட்டியும் பேத்தியும். முதல் கோடு கிழிந்ததும் பேத்தி, "பாட்டி, சீக்கிரம் எதாவது வேண்டிக்கோ!" என்று கத்தினாள். அதே நொடியில் பாட்டி, "அடியே, அதைப் பாக்காதடி! பச்சை மரத்தைப் பாரு!" என்று அவள் முகத்தைத் திருப்பினார். அந்த இருட்டில் மரமே தெரியவில்லை. பச்சைக்கு எங்கே போவது? சுற்றி இருந்தவர்கள் சிரித்துவிட்டோம், பாட்டியும்தான்.

எரிந்து விழுவது துர்க்குறி, எங்கோ ஓர் உயிர் போகிறது என்பது நம் பாட்டிகள் சொல்லி வந்தது. கண்ணை மூடி ஆசையைச் சொன்னால் பலிக்கும் என்பது நம் வீடுகளுக்குள் சினிமா வழியாகவும் கார்ட்டூன் வழியாகவும் நுழைந்தது என்றே நினைக்கிறேன். எதுவானாலும் இரண்டுக்கும் காரணம் அந்த மணல் துகள்தான். ஆசை கேட்பதில் எனக்குப் பிடித்த ஒரு சங்கதி உண்டு. எரிகல் ஒரு நொடிகூட நிற்காது. அதைக் கண்ட பிறகு யோசிக்க நேரமில்லை, ஆகவே ஆசையைத் தயாராக வைத்துக்கொண்டு கண்ணிமைக்காமல் காத்திருக்க வேண்டும். பேத்தி அப்படித்தான் படுத்திருந்தாள். அன்று மைதானத்தில் அவளைவிட அதிகம் எரிகற்களைப் பார்த்தவர் யாருமில்லை.

பயந்தவர்களும் உன்னிப்பாகத்தான் பார்த்திருக்கிறார்கள். புறநானூற்றின் 229ஆம் பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். யானைக்கட்சேய் மாந்தரஞ்சேரல் இரும்பொறை இறந்தபோது கூடலூர் கிழார் பாடியது. பங்குனியின் முற்பாதியில் ஒரு நள்ளிரவு, வானத்திலிருந்து ஒரு மீன் எரிந்து விழுகிறது. மன்னனுக்கு ஏதோ ஆகப் போகிறதே என்று புலவர் பதறுகிறார். ஏழாம் நாள் அவன் இறந்துபோகிறான். சகுனப் பாட்டு என்று தள்ளிவிடலாம். ஆனால் அந்தப் பதற்றத்திலும் அவர் குறித்து வைத்திருப்பதைப் பாருங்கள்: உச்சியிலிருந்து சாயத் தொடங்கியது எது, எதிரே எழுந்தது எது, மேற்கே இறங்கியது எது, விழுந்த மீன் எந்தத் திசைகளுக்குப் போகவில்லை என்பது வரை. உத்தரம் சாய, மூலம் எழ, மிருகசீரிடம் மறைய என்று உரையாசிரியர்கள் விளக்குகிறார்கள். இன்றும் பங்குனி நள்ளிரவில் மொட்டை மாடி ஏறினால் ஏறத்தாழ இதே அமைப்பைப் பார்க்கலாம். அவர் கொண்ட முடிவு தவறு, எடுத்த குறிப்பு சரி. முடிவைக் கைவிடுவதற்காகக் குறிப்பையும் சேர்த்து எறிய வேண்டியதில்லை.

அந்த நிதானம் சிந்தாமணி ரகுநாதாச்சாரிக்கு இருந்தது. மதராஸ் வானாய்வுக் கூடத்தில் உதவியாளராக இருந்து 1867இல் ஒரு மாறொளி விண்மீனைக் கண்டுபிடித்தவர். 1874இல் வெள்ளி சூரியனைக் கடந்தபோது, சாதாரண மக்களுக்குப் புரியும்படி அதை விளக்கிச் சிறுநூல் எழுதினார். பஞ்சாங்கத்தை அவர் கிழித்துப் போடச் சொல்லவில்லை. வானத்தைப் பார்த்துச் சரிபார்த்த கணக்கில் பஞ்சாங்கம் அமைய வேண்டும் என்று வாதாடினார்.

ஆகவே நாலாம் பிறைக்குப் பயப்படுகிறவரோடும், அந்தியில் ஒற்றை நட்சத்திரம் கண்ணில் பட்டால் இரண்டாவதைத் தேடுகிறவரோடும் எனக்குச் சண்டை இல்லை. தேடட்டும். அந்தச் சாக்கில் வெள்ளியையும் அகத்திய நட்சத்திரத்தையும் பார்த்துக்கொள்ளட்டும். ஆனால் ஒருவருடைய நம்பிக்கையின் பாரம் இன்னொருவர் தலையில் இறங்கும் இடத்தில் நான் இந்த நிதானத்தைக் கைவிட்டுவிடுகிறேன்.

அன்று நள்ளிரவு நெருங்கும்போது ஓர் இளம்பெண் வந்தார். "எனக்கு மூலம். அதை ஒரு தடவை பாக்கணும்" என்றார். ஏன் என்று யாரும் கேட்கவில்லை, அவரே சொன்னார். "பெண் மூலம் நிர்மூலம்னு சொல்லி ரெண்டு மூணு வரன் தட்டிப் போச்சு. மாமனாருக்கு ஆகாதாம். அப்படி என்னதான் அது, நேர்ல பாத்துரலாம்னு வந்தேன்." குரலில் கேலிதான் இருந்தது, பின்னால் நின்ற அம்மாவின் முகத்தில் அது இல்லை.

தொண்டர்களுக்குச் சங்கடம். மூலம் என்பது தேளின் கொடுக்கு. விருச்சிகத்தின் வாலில் இருக்கிற விண்மீன்கள். டிசம்பரில் அது சூரியன் இருக்கும் திசையில் இருப்பதால் இரவில் பார்க்கவே முடியாது. பஞ்சாங்கமும் இதையேதான் சொல்கிறது: மார்கழி பிறக்கும்போது சூரியன் மூலத்தில் நுழைகிறது, ஏறக்குறைய பதின்மூன்று நாள் அங்கேயே தங்குகிறது. சூரியனே வருஷம் தவறாமல் தங்கிவிட்டுப் போகிற வீடு. அதனால் எதுவும் நிர்மூலம் ஆனதாக இதுவரை தகவல் இல்லை. நிலாவும் 27 நாளுக்கு ஒருமுறை மூலத்தைக் கடக்கிறது. அப்படியென்றால் ஏறத்தாழ 27 பெண்களில் ஒருத்தி மூலத்தில் பிறக்கிறாள். அத்தனை பேருக்கும் வரப்போகும் மாமனார்களின் ஆயுள், எத்தனையோ ஒளியாண்டுக்கு அப்பால் எரிகிற விண்மீன் கூட்டத்தின் பொறுப்பில் விடப்பட்டிருக்கிறது! ஆயில்யம், கேட்டை, பூராடம் பெண்களுக்கும் இதே கதைதான். இங்கே அந்தக் கறாரான தொண்டர் பேச வேண்டும், குரலை உயர்த்தியே பேச வேண்டும். பேசினார். அந்த அம்மா நின்று முழுக்கக் கேட்டார்.

அந்தப் பெண்ணிடம் நாங்கள் சொன்னது ஜூன் மாதம் வரச் சொல்லித்தான். ஜூன், ஜூலையில் இருட்டியதும் விருச்சிகம் தென்கிழக்கில் ஏறியிருக்கும். நடுவே கேட்டை சிவப்பாக எரியும். இரவு ஏற ஏற, வளைந்த கொடுக்கின் நுனியில் மூலம் தெற்கே தெளிவாகத் தெரியும். ஆகவே இந்த ஆண்டு டிசம்பர் இரவோடு ஒரு ஜூன் இரவும் நடத்தப் போகிறோம். கேட்டை, மூலம், பூராடம்காரர்களுக்கு முதல் வரிசை. மைதானம் இன்னும் முடிவாகவில்லை. தெற்குப் பக்கம் கட்டடமோ உயர்கோபுர மின்விளக்கோ இல்லாத பள்ளி மைதானம் உங்கள் ஊரில் இருந்தால், தலைமை ஆசிரியரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு எங்களுக்கு எழுதுங்கள். தொலைநோக்கி நாங்கள் கொண்டு வருகிறோம். பாயும் கொசுவர்த்தியும் உங்கள் பொறுப்பு.

அன்புடன்,
ஆசிரியர்