மூடநம்பிக்கை என்னும் சாக்கு

சங்கரன்கோவிலில் கோமதியம்மன் சன்னிதிக்கு முன்னால் ஒரு சக்கர பீடம் உண்டு. மனம் கலங்கியவர்களை அதில் உட்கார வைத்து உறவினர்கள் வேண்டிக்கொள்கிறார்கள்; தோல் நோய்க்கும் பூச்சிக்கடிக்கும் கோயில் புற்றுமண்ணைப் பூசுகிறார்கள். இத்தகைய நம்பிக்கைதான் மக்களைச் சிகிச்சையிலிருந்தும் மறுவாழ்வுப் பணியிலிருந்தும் தள்ளிவைக்கிறது, அது ஒழிந்தால் தாமாகவே வந்துவிடுவார்கள் என்று படித்தவர்கள் பலர் உறுதியாக நம்புகிறார்கள். அது தவறு. வராத குற்றம் முழுவதையும் நோயாளியின் குடும்பத்தின் மேல் சுமத்திவிட்டு, சிகிச்சை தரும் அமைப்பு தன் குறையைப் பார்க்காமல் தப்பித்துக்கொள்ளவே அது உதவுகிறது.

செயற்கைக் கால் இதற்கு நல்ல சான்று. ஷூ மாட்டி நடப்பவருக்கென மேலைநாட்டில் வடிவமைத்த கால் இந்தியக் கிராமங்களில் எடுபடவில்லை. அதைக் கட்டிக்கொண்டு சம்மணமிட முடியாது, குந்த முடியாது, சேற்று வயலில் இறங்க முடியாது. வெறுங்காலோடு கோயிலுக்குள் போவதும் கடினம். 1968-இல் ராம்சந்திர சர்மா என்ற கைவினைஞரும் மருத்துவர் பி. கே. சேத்தியும் உருவாக்கிய ஜெய்ப்பூர் கால் இவற்றுக்கெல்லாம் இடம் கொடுத்தது. மக்கள் அதை ஏற்றார்கள். அவர்களுடைய நம்பிக்கை எதுவும் மாறவில்லை, மாறியது கால்தான்.

மனநோயிலும் இதே நிலைதான். திண்டுக்கல் மாவட்டத்து முத்துசாமி கோயிலில் தங்கியிருந்த 31 பேரை மனநல மருத்துவர் ரகுராமும் அவருடைய குழுவினரும் ஆராய்ந்து 2002-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் எழுதினார்கள். பெரும்பாலோர் மனச்சிதைவு நோயாளிகள். மருந்தோ தனிச் சடங்கோ இல்லை. உறவினர் ஒருவர் துணையிருக்க, கோயிலைப் பெருக்கி, செடிக்குத் தண்ணீர் ஊற்றி, சராசரியாக ஆறு வாரம் தங்கினார்கள். நோய்க்குறிகளின் அளவு ஏறத்தாழ 20 விழுக்காடு குறைந்தது. சிறிய ஆய்வுதான். ஆனாலும் நோயாளியை வீட்டாரோடு சேர்த்து ஏற்பதும், அவருக்கென ஒரு வேலை தருவதும் எவ்வளவு பெரிய உதவி என்பதை மறுக்க முடியாது.

மனநோயாளிகளைக் கூட்டிவரும் தர்கா உள்ள ஏர்வாடியைக் காட்டி இதை மறுப்பவர்கள் உண்டு. 2001 ஆகஸ்ட் 6 அன்று அங்கே ஒரு மனநோயாளிகள் காப்பகத்தில் பற்றிய தீயில், சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த 28 பேர் இறந்தார்கள். அந்தக் கொடுமைக்கு எந்தச் சமாதானமும் கிடையாது. மனநோயாளிகளைச் சங்கிலியில் கட்டுவதை 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் தடைசெய்கிறது. அதில் தளர்வு கூடாது. ஆனால் அந்த 28 பேரைக் கொன்றது தர்காவில் ஓதிய துவா என்னும் பிரார்த்தனை அல்ல, காசு வாங்கிக்கொண்டு கட்டிப்போட்ட விடுதி. பிற்பாடு அதே ஏர்வாடியில் தர்காவுக்கு வருகிறவர்களுக்கு, பிரார்த்தனையை விடச் சொல்லாமலே மனநல மருத்துவம் கொடுக்கும் ஏற்பாடு வந்தது.

சங்கரன்கோவில் விசைத்தறித் தொழிலாளி நோயாளியோடு வெளியூர் மருத்துவமனைக்குப் போனால் அன்றைய கூலி போய்விடும். நோயாளியைச் சக்கர பீடத்தில் உட்கார வைத்ததை அங்கே சொன்னால் திட்டு விழும் என்று பயந்து மறைப்பார்; அடுத்த முறை வரவே மாட்டார். எங்கெங்கே வேண்டிக்கொண்டீர்கள் என்று மருத்துவரே முதலில் கேட்டுக் குறித்துக்கொள்ள வேண்டும். ஆடித்தபசுத் திருவிழாவுக்குக் கூட்டம் கூடும் அதே ஊரில் வாரம் ஒரு நாளாவது மருந்தும் ஆலோசனையும் கிடைக்க வேண்டும்.