வியங்கோளிலிருந்து தொடங்குங்கள்

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் வேலைக்குப் போகிறவர்களும் ஆவடியில் போட்டித் தேர்வுக்குப் படிக்கிறவர்களும் ‘இஃப் ஐ வேர் யூ’ என்பதை மனப்பாடம் செய்கிறார்கள். ‘ஐ’ வந்தால் ‘வாஸ்’தானே என்று கேட்டால், ‘அது அப்படித்தான்’ என்பதே பல வகுப்புகளில் கிடைக்கும் பதில். கேட்கிற பிள்ளைக்குச் செய்யும் அநியாயம் இது. நடக்காததைக் கற்பனை செய்து பேசுகையில் ஆங்கிலம் வினையை மாற்றிக்கொள்கிறது; பேச்சில் ஆங்கிலேயர்களே ‘இஃப் ஐ வாஸ்’ என்பதும் உண்டு. இதைச் சொல்ல இரண்டு நிமிடம் போதும்.

அலுவலகக் கடிதத்துக்கு அதிகம் உதவுவது இந்த வினைமாற்றத்தின் இன்னொரு வகை. ‘தி மேனேஜர் சஜஸ்டட் தட் ஹீ கோ’ என்பதில் ‘கோஸ்’ வராது, ‘வென்ட்’டும் வராது. பரிந்துரை, கோரிக்கை, கட்டளை என்றால் வினை விகுதியின்றி நிற்கும். பிரிட்டிஷ் வழக்கில் ‘ஷுட்’ சேர்ப்பதும் உண்டு. ‘காட் சேவ் த கிங்’ என்பதில் ‘சேவ்ஸ்’ இல்லாததும் இப்படித்தான். தமிழ்ப் பிள்ளைக்கு இது அந்நியமே அல்ல. அவன் வாழ்க, அவள் வாழ்க, அவர்கள் வாழ்க: வினை அசைவதில்லை. வாழ்த்தும் வேண்டுகோளும் சொல்லும் இந்த வியங்கோள் வினை மூவிடத்துக்கும் ஐம்பாலுக்கும் பொது என்பது பள்ளியிலேயே படித்த இலக்கணம். தமிழாசிரியர் வியங்கோள் நடத்தும் வாரத்திலேயே ஆங்கில ஆசிரியரும் இதை நடத்தட்டும்.