அமெரிக்க அரசின் தோற்றமும் கிறித்து சமயமும்: ஒரு மறுப்பு

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் அரசு கிறித்து சமயத்தை அடிநிலையாகக் கொண்டு நிறுவப்பட்டதென்றும், அதனை நிறுவிய பெரியோர் அதனைக் கிறித்தவ அரசாகவே கருதினரென்றும் அந்நாட்டிற் கூறுவார் பலருளர். அவருட் சிலர் இன்னும் மேற்சென்று, பிற சமயத்தார் ஆங்குப் பொறுத்துக்கொள்ளப்படுவோரேயன்றி ஒத்த உரிமையுடையராகார் என்றும் சாதிப்பர். இக்கூற்றின் வன்மை மென்மைகள் ஈண்டு ஆராயப்படும்.

மறுக்கப்புகுவார் பிறர் கொள்கையை முதற்கண் உள்ளவாறே எடுத்துரைத்தல் முறையாகலின், அவர் கூறுவனவற்றுள் மெய்யாவன முன்னர்க் கூறப்படும். 1620-இல் பிளிமத்திலும் 1630 முதல் மாஸச்சூஸெட்ஸிலும் குடியேறியோர் தம் சமயத்தின்பொருட்டே கடல் கடந்தனர். 1776-இல் விடுதலை அறிக்கையிற் கையொப்பமிட்டோருள் பிரெஸ்பிட்டேரியன் சபைக் குருவாகிய ஜான் விதர்ஸ்பூனும் ஒருவர். அவ்வாண்டில் டெலவேர் மாநிலம் இயற்றிக்கொண்ட சட்டம், பிதா, சுதன், பரிசுத்த ஆவி என்னும் மூவரிடத்தும் விசுவாசமுடையேன் என உறுதி கூறாதார் பதவி வகித்தல் ஆகாதென விதித்தது. மாஸச்சூஸெட்ஸில் சபைக்காக வரியிறுக்கும் ஏற்பாடு 1833 வரை நிலவிற்று. குடிகளிற் பெரும்பாலார் கிறித்தவரே என்பதிலும் ஐயமில்லை.

இவையெல்லாம் மெய்யேயாயினும் இவற்றால் அவர்தம் துணிபு பெறப்படுமாறில்லை. என்னை? குடிகள் இன்ன சமயத்தார் என்பது வேறு. அவர் ஒருங்குகூடி நிறுவிய அரசு இன்ன சமயத்தின்மேல் நின்றது என்பது வேறு. மாளிகை எடுத்த கொத்தர் அனைவரும் ஓரூரினர் என்பதனால் மாளிகையும் அவ்வூர்க்கே உரியது என்பாரை யாவர் ஏற்பர்? அரசின் அடிநிலையை அறிய விழைவார் அவ்வரசினைத் தோற்றுவித்த சாசனத்தையே நோக்குதல் வேண்டும்.

அச்சாசனம் 1787-ஆம் ஆண்டு செப்டம்பர் 17-ஆம் நாள் பிலடெல்பியா நகரிற் கையொப்பமாயிற்று. அதன் தொடக்கத்தும் இடையினும் கடவுளைப் பற்றிய சொல் ஒன்றேனும் இல்லை. சமயத்தைப் பற்றி அதனுட் காணப்படும் விதி ஒன்றே. அதுதானும், ஐக்கிய நாடுகளின் கீழுள்ள எப்பதவிக்கும் சமயச் சோதனை எக்காலத்தும் கூடாதென விலக்கும் விதியாம். நான்காண்டு கழித்து, 1791-இல், சமயமொன்றை நிறுவுதற்கேனும் சமய ஒழுக்கத்தைத் தடுத்தற்கேனும் பேரவை சட்டஞ் செய்தல் ஆகாதென்னும் திருத்தமும் சேர்ந்தது.

அற்றன்று; சாசனத்தின் இறுதியில் ஆண்டினைக் குறிக்குமிடத்து ‘நம் ஆண்டவர்’ எனக் கிறித்து குறிக்கப்படுகின்றாராலோ எனின், அது நாள் குறிக்கும் அக்கால வழக்கு. கி.பி. என்று எழுதும் சைவர் ஞானஸ்நானம் பெற்றவராவரோ? ஆங்கிலத்திற் புதன், வியாழன் என்னும் கிழமைகட்கு வழங்கும் பெயர்கள் ஓடின், தோர் என்னும் பழைய வடபுலத் தெய்வங்களின் பெயர்வழி வந்தன. இவர் வாதத்தின்படி அமெரிக்கா அத்தெய்வங்களுக்கே உரிய நாடாய் முடியும்.

சாசனத்திற் கடவுட்பெயரின்மை மறதியால் நேர்ந்ததென்பாரும் உளர். அதுவும் பொருந்தாது. சாசனத்தை ஏற்பதோ விடுவதோ என ஆராய 1788-இல் வடகரோலினாவிற் கூடிய அவையில், இவ்விதியால் யூதரும் முகம்மதியரும் பிறரும் ஆட்சிப் பதவி பெறக்கூடுமே என அஞ்சிய குரல்கள் எழுந்தன. அக்காலத்து எதிரிகளே விதியின் பொருளைச் செவ்விதின் உணர்ந்திருந்தனர். பின்வந்தார் உணராமைதான் வியப்பு.

பிலடெல்பியா அவையிற் பூசல் மிக்க வேளையில், எண்பத்தோராண்டு நிரம்பிய பிராங்கிளின், நாடோறும் குருமாரைக் கொண்டு வேண்டுதல் நிகழ்த்தி அவையைத் தொடங்குக என்று மொழிந்ததனைக் கிறித்தவ அரசென்பார் பெரிதும் எடுத்தோதுவர். கதையின் முடிவை மட்டும் ஓதாது விடுவர். அம்மொழிவு ஏற்கப்படாமலே அன்றைய அவை கலைந்தது. மூவர் நால்வர் ஒழிய ஏனையோர் வேண்டுதல் வேண்டா என்றே கருதினர் எனப் பிராங்கிளினே குறித்துவைத்தார். 1774-இற் கூடிய முதற் காங்கிரஸில் வேண்டுதல் செய்த ஜேகப் டூஷே என்னும் குருவின் செயலும் இத்தகையதே. அவர் 1777-இல் விடுதலை அறிக்கையைக் கைவிடுமாறு வாஷிங்டனுக்குக் கடிதம் விடுத்தார். வேண்டுதல் செய்தார் பின்வாங்கினார், போர் நிற்கவில்லை.

இனி, கடல் கடந்து வந்த முன்னோரை நோக்குவோம் எனின், அவர் நாடியது தமக்குரிய விடுதலையே. பிறர்க்கு அதனை ஈந்திலர். மாஸச்சூஸெட்ஸார் ரோஜர் வில்லியம்ஸ் என்பாரை 1635-இல் நாடு கடத்தத் தீர்ப்பளித்தனர். குவேக்கர் கொள்கையினர் நால்வரை 1659 முதல் 1661 வரையிற் பாஸ்டன் நகரில் தூக்கிலிட்டனர். அவருள் மேரி டையர் என்னும் பெண்ணும் ஒருவர். தூக்கிலிட்டாரும் கிறித்தவர், மாண்டாரும் கிறித்தவர். துரத்தப்பட்ட வில்லியம்ஸோ 1636-இல் பிராவிடன்ஸ் என்னும் ஊரை நிறுவி, எவர் மனச்சான்றிலும் அரசு தலையிடலாகாதென விதித்தார். அவர் ஆழ்ந்த கிறித்தவப் பற்றுடையவர். சமயத்தின் தூய்மை அரசின் கைபட்டுக் கெடும் என்பதே அவர் அச்சம்.

இவ்வச்சம் பெரும்பயன் விளைத்த இடம் வெர்ஜீனியா. ஆங்கு இங்கிலாந்துச் சபையே அரசாங்கச் சபை. அச்சபையைச் சாராதாரும் அதற்கு வரியிறுத்தனர். உரிமச்சீட்டின்றிப் போதித்த பாப்டிஸ்டுக் குருமார் சிறையிலிடப்பட்டனர். இதனை இளமையிற் கண்டு மனம் வெதும்பியவர் ஜேம்ஸ் மாடிஸன். 1776-இல் உரிமைச் சாசனம் ஒன்று அம்மாநிலத்தில் வகுக்கப்பட்டபோது, பிற கொள்கைகளைப் பொறுத்துக்கொள்ளுதல் என்றிருந்த சொல்லை நீக்கி, சமய ஒழுக்கம் எல்லார்க்கும் ஒத்த உரிமை என்னும் பொருள்பட அமைப்பித்தார். பொறுத்துக்கொள்வான் நாளைப் பொறாதொழியவும் கூடும், உரிமை அத்தகையதன்று.

1784-இல் நாவன்மை மிக்க பாட்ரிக் ஹென்றி, கிறித்து சமய போதகர்க்குப் பொதுவரி தண்டுவதற்கு ஒரு மசோதா கொணர்ந்தார். ஒரு சபைக்கு மட்டும் அன்று. வரியிறுப்பார் தாம் விரும்பும் கிறித்தவச் சபையைக் குறிக்கலாம் என்பது ஏற்பாடு. பார்வைக்கு நடுநிலை போன்றதே. மாடிஸன் இதனை எதிர்த்து 1785-இல் பெயர் வெளியிடாது ஒரு விண்ணப்பம் வரைந்தார். இன்று கிறித்து சமயத்தைப் பிற சமயங்களின் நீக்கி நிறுவும் ஆற்றல் உடைய அரசு, நாளை ஒரு சபையைப் பிற சபைகளின் நீக்கி நிறுவவும் வல்லதாம் என்பதும், அரசின் துணைபெற்ற நூற்றாண்டுகளிற் குருமாரிடம் செருக்கும் மடியுமே வளர்ந்தன என்பதும் அதன் சாரம். பல்லாயிரவர் எதிர்ப்பு விண்ணப்பங்களிற் கையொப்பமிட்டனர். அவருட் பாப்டிஸ்டுகள் மிகப் பலர். மசோதா மாண்டது. ஆகவே அரசினின்று சமயத்தைப் பிரித்தவர் நாத்திகர் என்பார் இவ்வரலாற்றை அறியாதார். பற்றுடையோரே தம் பற்றின்பொருட்டு அது செய்தனர்.

1786 ஜனவரியில் ஜெபர்ஸன் வகுத்திருந்த சமய விடுதலைச் சட்டம் அவ்வவையில் நிறைவேறிற்று. அதன் முகவுரையில் இயேசு கிறித்துவின் பெயரைப் புகுத்த ஒரு திருத்தம் கொணரப்பட்டுப் பெரும்பான்மையோரால் தள்ளுண்டது. யூதர், கிறித்தவர், முகம்மதியர், இந்துக்கள், எதனையும் நம்பாதார் ஆகிய அனைவரையும் அச்சட்டத்தின் காப்பினுள் அடக்கவே அவ்வாறு செய்யப்பட்டதென ஜெபர்ஸன் 1821-இல் தம் வரலாற்றுக் குறிப்பில் எழுதினார். கடல்களுக்கப்பால் வாழ்ந்த இந்துக்களும் பெயர் சுட்டப்பட்டமை கருதற்பாலது. அந்நாட்டுப் பிற சமயத்தாரைப் பொறுத்துக்கொள்ளப்படுவோர் என்பார் இக்குறிப்புக்கு யாது விடை கூறுவர்?

வட ஆபிரிக்காவின் திரிப்போலி அரசோடு செய்த உடன்படிக்கையின் பதினொன்றாம் பகுதி, அமெரிக்க அரசு எவ்வாற்றானும் கிறித்து சமயத்தின்மேல் நிறுவப்பட்டதன்று என்னும் பொருளைக் கிளந்து கூறுகின்றது. 1797-இல் செனட் அவையினர் ஒருவரேனும் மாறுபடாது அதனை ஏற்றனர். ஜான் ஆடம்ஸ் கையொப்பமிட்டார். அரபு மூலத்தில் அப்பகுதி இல்லையே எனின், ஆம், இல்லை. செனட் அவையினர் படித்து ஏற்றது ஆங்கிலப் படியையேயாகலின், அவர் கருத்தை அறிதற்கு அக்குறை தடையாகாது.

நிறுவியோர் அனைவரும் நாத்திகர் என மறுதலையிற் கூறுவாரும் பிழைபட்டாரே. விடுதலை அறிக்கை படைத்தோனைச் சுட்டுகின்றது. ஜெபர்ஸன் சுவிசேடங்களினின்று அற்புதங்களைக் கத்தரித்தெறிந்தும் அறவுரைகளைப் போற்றி வைத்துக்கொண்டார். கடவுளை நம்புதலும் அரசைக் கிறித்தவமாக்குதலும் ஒன்றல்ல.

நாணயத்திற் கடவுளை நம்புகின்றோம் எனப் பொறித்திருப்பதை இறுதிச் சான்றாகக் காட்டுவர். அப்பொறிப்பு 1864-இல் எழுந்தது. நாட்டின் குறிக்கோளுரையாக அது சட்டம் பெற்றது 1956-இல். சாசனத்திற் கையொப்பமிட்டோருள் இறுதியாக எஞ்சிய மாடிஸன் 1836-இலேயே இறந்தார். அந்நாணயம் வெளிவந்த காலத்திற்றானே, உள்நாட்டுப் போர் மூண்டது சாசனத்திற் கடவுட்பெயர் இன்மையால் விளைந்த தண்டனை என்று கூறிய கிறித்தவர் சிலர், கிறித்துவை அதன் முகவுரையில் ஏற்றுமாறு லிங்கனை வேண்டினர். முன்னரே உள்ளதாயின் ஏற்றுமாறு வேண்டுவது எற்றுக்கு? 1874-இல் மக்களவையின் நீதிக்குழு அவ்வேண்டுகோளை ஏற்க மறுத்துவிட்டது.