சித்திரையிலும் கீசரா?

மொட்டைமாடி சின்டெக்ஸ் தொட்டித் தண்ணீர் சித்திரை மத்தியானத்தில் கை வைத்தால் சுடுகிறது. அந்தத் தண்ணீருக்கும் கீசர் போடுகிறார்கள் நம்மூரில். கேட்டால், "அது தானா கட் ஆயிரும்லா சார்" என்று பதில். கட் ஆகும், ஆறினதும் மறுபடி தானாகவே பிடித்துக்கொள்ளும். ஆள் குளிக்காத குளியலறையில் பகல் முழுக்க இதே கூத்துதான்.

பனி கொட்டும் ஐரோப்பாவில் வீட்டைச் சூடாக்கும் பாய்லருக்கு வெளிச்சுவரில் ஒரு உணரி வைக்கிறார்கள். வெளியே குளிர் குறைந்தால் குழாயில் ஓடும் தண்ணீரின் சூட்டை அதுவே குறைத்துவிடும். நமக்கு அந்தக் கருவியெல்லாம் எதற்கு? குழாயைத் திறந்து விரலை நீட்டிப் பார்த்தால் தெரியாதா?

15 லிட்டர் தண்ணீரை 30 டிகிரியிலிருந்து 60-க்கு ஏற்ற அரை யூனிட் ஆகும். காசு உங்களுடையது, அதில் நான் தலையிடவில்லை. ஆனால் மின்சாரத்துக்காகத்தான் நம் துறைமுகத்தில் கப்பல் கப்பலாக நிலக்கரி இறங்குகிறது. 210 மெகாவாட் வீதம் ஐந்து அலகுகளாகக் கட்டிய அனல்மின் நிலையத்தின் சாம்பலும் நமக்குத்தான். வெயில் சும்மா சுடவைத்துக் கொடுத்த தண்ணீரை மறுபடி சுடவைக்கவா இவ்வளவும்?

மார்கழியில் போடுங்கள். முட்டுவலிக்காரர்கள் தாராளமாகப் போடுங்கள். குளிக்கப் போகுமுன் போட்டு, முடிந்ததும் அணைத்துவிடுங்கள். பங்குனி பிறந்துவிட்டால் ஐப்பசி வரைக்கும் அந்த சுவிட்ச் பக்கமே போக வேண்டாம்.